சட்டை கழற்றாமல் எடுத்த படம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று காலை என் எக்ஸ்ரே அறைக்குள் அவர் வந்தார். அவரேதான்! அறுபது வருடமாகக் கறுப்பு வெள்ளையைத் தவிர வேறெதையும் தொடாத புகைப்படக்காரர். பத்திரிகைகளிலிருந்து வெட்டிய அவருடைய படங்கள் பதினேழு என் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன. மனைவி அவருக்கு வைத்திருக்கும் பெயர் சாம்பல் சாமியார்.

மூன்று வாரமாக இருமலாம். கூடவே மகள், நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"நானும் கறுப்பு வெள்ளைதாங்க ஐயா" என்று மெஷினைக் காட்டி அசடு வழிந்தேன்.

"உங்களுக்குக் கவலையில்ல தம்பி. உங்க படத்துல யாரும் சிரிக்க வேண்டியதில்ல" என்றார்.

ஒரு நீதிபதியையே விக்கைக் கழற்ற வைத்துப் படமெடுத்த மனிதர். அவரிடம் போய் எப்படிச் சட்டையைக் கழற்றச் சொல்வது? வாய் வரவில்லை. மெல்லிய சட்டைதானே, பட்டனும் பிளாஸ்டிக்தானே என்று அப்படியே நிறுத்தி எடுத்துவிட்டேன்.

முடிந்ததும் கையெழுத்துக்கு நோட்டை நீட்டினேன். பென்சிலில்தான் எழுதுவாராம். 'டாக்டருக்கு அன்புடன்' என்று எழுதினார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "டாக்டர் இல்லைங்க, டெக்னீஷியன்" என்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு தேய்ந்த ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, 'டெக்னீஷியனுக்கு' என்று திருத்திக் கொடுத்தார். பக்கம் அழுக்காகிவிட்டது. பரவாயில்லை, அவர் செய்த அழுக்கு.

மார்ச் 4

இடது நுரையீரலில் நிழல். நாணயம் அளவு. பெரிய டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி ரொம்ப நேரம் பார்த்தார். திங்கட்கிழமை ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார்.

வராந்தாவில் மகள் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எத்தனையோ பாத்திருப்பீங்க. உண்மையச் சொல்லுங்க, இது அதுதானே?"

ஸ்கேன் சீட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு நழுவினேன். வேறென்ன செய்வது?

மார்ச் 5

சாப்பாடு இறங்கவில்லை. "உங்கப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்பகூட ரெண்டு தட்டு சாப்பிட்டீங்க" என்றாள் மனைவி. உண்மைதான்.

மார்ச் 6, வெள்ளி

அட மடையா. அட மகா மடையா!

காலையில், கொஞ்சம் அழலாமென்று அந்தக் கையெழுத்தை எடுத்துப் பார்த்தேன். அழித்த இடம் கண்ணில் பட்டது. ரப்பர்! எந்தப் பையிலிருந்து எடுத்தார்? இடது பை. படமெடுக்கும்போது அது எங்கே இருந்தது? அதே பையில்தான்! நுரையீரல் மேல் விழுந்த நிழல் அதுதான்.

சொல்லாமல் விட்டால் என்ன? திங்கட்கிழமை ஸ்கேனில் தானாகத் தெரிந்துவிடும், என்னை யார் கேட்கப்போகிறார்கள்? இருபத்தாறு வருட சர்வீஸ். நேற்றுச் சேர்ந்தவன்கூடச் செய்யாத தப்பு. வெளியில் சொன்னால் மானம் போகும். வேலையே போனாலும் போகும். அதற்காக அந்த மனுஷன் திங்கள் வரைக்கும் செத்துச் செத்துப் பிழைக்கணுமா? சீ, என்ன ஜென்மமடா நீ.

நேராகப் பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சட்டையக் கழட்டச் சொல்லலையா? ஏன்யா, அவர் என்ன உன் மாமனாரா?" பிறகு, "போன் நீயே பண்ணு. நான் பண்ண மாட்டேன்."

பண்ணினேன். மகள்தான் எடுத்தார். ரப்பர் விஷயத்தைச் சொல்லி, நாளைக்கே கூட்டிவரச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு சத்தம். அழுகையா சிரிப்பா என்று புரியவில்லை.

மார்ச் 7

"சட்டை, பனியன், ரப்பர், பென்சில், எல்லாத்தையும் கழட்டி அங்க வைங்க!" என்று கத்தினேன்.

"இந்த வீரம் செவ்வாய்க்கிழமை எங்க போயிருந்துச்சு?" என்றார் அவர்.

நுரையீரல் சுத்தம். வெறும் சளி. எனக்கு மெமோ. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 8

தூங்கினேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

புகைப்படக்காரரின் மகள் என் வீட்டுக்கே வந்தார், கையில் ஒரு கவர்.

"அப்பா என்னை ஒரு படம்கூட எடுத்ததில்ல. தெருநாய் வரைக்கும் எடுத்தாச்சு. கேட்டா, உன்னைத்தான் தினம் பாக்குறேனேம்பாரு. நிழல் இருக்குன்னு தெரிஞ்ச மறுநாள் காலையில, நாற்காலிய ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, உக்காருன்னாரு."

இரண்டு நாள் எடுத்திருக்கிறார். ஒரே ஒரு பிலிம் ரோல்.

"நீங்க ரெண்டு நாள் கழிச்சுப் போன் பண்ணியிருக்கலாம்" என்றார். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி தெரியவில்லை. "உயிருக்கு ஒண்ணுமில்லன்னு ஆனதும் கேமராவத் தூக்கிட்டு மறுபடியும் நாய் பின்னாடி போயிட்டாரு."

மன்னிப்புக் கேட்டேன், உண்மை சொன்னதற்கு! முதலில் அவர் சிரித்தார், பிறகு நானும்.

ரோலின் கடைசிப் படத்தை எனக்கென்று பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஜன்னலோரம் மகள். கண்ணில் நீர் நிற்கிறது, வாய் சிரிக்கத் தொடங்கிவிட்டது. காதில் டெலிபோன் ரிசீவர். பெரியவர் எடுத்ததிலேயே ஆகச் சிறந்த படம் இதுதான். நான் சொன்னால் ஒருதலைப்பட்சம் என்பார்கள். சொல்லட்டும்.

கூடத்தில் மாட்டியிருக்கிறேன். சாயங்காலம் மனைவி இடுப்பில் கைவைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா, இதுல நானும் இருக்கேன்னு பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட அளந்தீங்களே, எங்க இருக்கீங்க?"

"போன்ல" என்றேன்.