பில் இல்லாத ரோபோ

18.09.2007, செவ்வாய்

எங்கள் ரோபோ ஓடிவிட்டது! மேசையில் வரைந்த கறுப்புக் கோட்டை விட்டு ஒரு விரலளவும் விலகவில்லை. துள்ளிக் குதித்த என் கூட்டாளி ரமேஸ் மேசையில் முழங்காலை இடித்துக்கொண்டான். எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில் ஆறு வீட்டுப் பழுதான கசெட் ரேடியோக்களைக் கழற்றிச் செய்த ரோபோ. ரமேசின் அம்மா லெட்சுமி அத்தை, தன் ரேடியோவைத் துடைத்துத் துணியில் சுற்றித் தந்தார். பாடாத ரேடியோவுக்கு இந்த மரியாதையா என்று சிரித்தேன்.

02.10.2007

பதுளை ரோபோப் போட்டியின் விதித்தாள் வந்தது. ரோபோவின் செலவு பத்தாயிரம் ரூபாயைத் தாண்டக்கூடாது. காசுள்ள பாடசாலைகள் மட்டும் ஜெயிக்கக்கூடாதாம். நல்ல விதிதான், போட்ட மகராசன் நல்லா இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் பில் வேண்டுமாம். பழைய ரேடியோவுக்கு எவன் பில் தருவான்? இரண்டு பாடவேளை அழுதேன். ஆத்திரம்தான், வேறொன்றும் இல்லை.

எங்கள் விஞ்ஞான டீச்சர் யோகமலர் மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர், எதற்கும் பதறமாட்டார். போட்டிக்காரர்களுக்கு போன் எடுத்துப் பேசிவிட்டு வந்தார். "ஏன் பிள்ளை அழுறீர்? குடுத்த ஆக்களிட்டக் கடிதம் வாங்குங்கோ. அதைப் பில்லா எடுப்பினமாம்."

மிஸ் மட்டும் இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேன்?

12.10.2007

ஆறு கடிதமும் வந்தாயிற்று. பிள்ளைகளை விட்டு எழுதச்சொல்லிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருக்கிறார்கள். வீரய்யா மாமா கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார், கல்யாணப் பத்திரிகை மாதிரி. ஒப்பம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பையில் வைத்தேன்.

13.10.2007, சனி

என் புத்திய செருப்பால அடிக்கணும்.

இன்று போட்டி மண்டபத்தில் நடுவர் கடிதங்களைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, ஒருவர்கூடச் சும்மா கொடுத்ததாக எழுதவில்லை. கௌரவம்! ரேடியோவைப் புதிதாக வாங்கிய விலையை எழுதியிருக்கிறார்கள். லெட்சுமி அத்தை: "சீட்டுக் கட்டி 6,500 ரூபாய்க்கு வாங்கியது." வீரய்யா மாமா: "மகன் குவைத்திலிருந்து கொண்டுவந்தது, 11,000." மொத்தம் முப்பத்திரண்டாயிரம். அந்த மண்டபத்திலேயே அதிகம் செலவழித்த அணி நாங்கள்தான்! பக்கத்து மேசையில் பளபளவென்று கடைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டிய ரோபோ. அதன் பில் 9,950.

நடுவர் பத்மநாதன் சேருக்கே மனசு கேட்கவில்லை. வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார். "இதெல்லாம் பெறுமதியில்லாத கழிவுப் பொருள் எண்டு ஒரு வரி எழுதி ஒப்பம் வையுங்கோ, பிள்ளை. சேர்க்கிறன்."

பேனாவை எடுத்தேன். ரமேஸ் பிடுங்கிவிட்டான்.

"எங்கம்மா சீட்டுக் கட்டுனது கழிவா?"

முடிந்தது. போட்டியில் சேர்க்கவில்லை, ஓட்டிக்காட்ட மட்டும் விட்டார்கள். அழகாக ஓடியது. அது ஓடும்போது சேர் ஆறு கடிதங்களையும் மைக்கில் வாசித்தார். பஸ்ஸில் நான் ரமேசோடு பேசவில்லை. ஒத்த வரி! பாவிப்பய.

14.10.2007

பைப்படியில் லெட்சுமி அத்தை பிடித்துக்கொண்டார். "கடுதாசியப் பாத்தாங்களா புள்ள?"

"மைக்குல வாசிச்சாங்க அத்த. ஒங்க பேரு, வெல எல்லாம்."

"வெலையுமா!" குடத்தை வைத்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டார். ஆறு வீட்டிலும் உட்கார்ந்து சொல்லவேண்டியதாயிற்று. ஆறு கோப்பை தேத்தண்ணி. பரிசு கிடைத்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த முகங்களை நேராகப் பார்க்க முடிந்ததே, கடவுளே, அது போதும்.

04.03.2008

புது விதித்தாள் வந்திருக்கிறது. பழைய பொருளுக்குப் பில்லும் வேண்டாம், விலையும் சேராது. கொடுத்தவரின் பெயரை எழுதினால் போதும். மிஸ் இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

ரமேசிடம் இன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். "அன்னைக்கு நீ பேனாவப் புடுங்கலன்னா நான் எழுதியிருப்பேன்டா. ரொம்ப நன்றி."

"எழுதியிருப்பியா? 'பெறுமதியில்லாத'ன்னு எழுதிட்டியே! அந்தத் தாள அங்கயே கிழிச்சுப் போட்டுட்டேன். அம்மாகிட்ட சொல்லல."

உண்மைதான். அந்த ஒரு சொல்லை நான் எழுதியதை இந்தக் கொப்பியில்கூடச் சொல்லாமல் மறைத்திருந்தேன்.