சக்குப் பிளேட்டுக்கு ஒரு சாட்சி

ஜப்பானாம்! இன்று காலை நம் கொட்டிலுக்குள் நின்றுகொண்டு ஒருவர் அப்படிச் சொன்னார். நீங்கள் கண்மூடிய பிறகு நாலு மாதமும் பத்து நாளும் நான் இத்தா இருந்து முடித்து மூன்று வாரம் ஆகிறது. நீங்கள் விட்டுப்போன மெசின்களை விலைக்குக் கேட்டு நிந்தவூரிலிருந்து வந்த ஆள் அவர். எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் பார்த்தார். கடைசியில் அந்தச் சக்குப் பிளேட்டைக் கையிலெடுத்து விரலால் தடவி, "இது ஜப்பான் சாமான் போல, என்ன?" என்றார். கதவோரம் நின்ற எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "ஜப்பானும் இல்ல, சீமையும் இல்ல தம்பி. சாய்ந்தமருதில, இந்தக் கொட்டிலுக்குள்ள செஞ்சது," என்றேன். அவர் சிரித்தார். நம்பவில்லை. ஆளை அனுப்பிவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

சூறாவளி அடித்த அடுத்த வருடம் அந்த ரோட்டரி டேபிளைப் பழைய இரும்போடு இரும்பாக வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தீர்கள். துருப்பிடித்த வட்ட மேசை. பக்கத்திலிருந்த கைபிடியைத் தொண்ணூறு தரம் சுற்றினால்தான் மேசை ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். "இத வச்சி உழவு மெசினுக்குப் பற்சில்லு வெட்டலாம் புள்ள. கொழும்பிலருந்து சாமான் வருமட்டும் நம்மட வயல்காரன் விதைப்ப விட்டுட்டு நிக்கத் தேவல்ல," என்றீர்கள். பற்சில்லு வெட்ட வேண்டுமானால் உருண்டை இரும்பை இறுக்கிப் பிடிக்கச் சக்கு வேண்டும். சக்கு உங்களிடம் இருந்தது. ஆனால் அதன் துளையும் மேசையின் பள்ளமும் ஒன்றோடொன்று சேரவில்லை. இரண்டையும் சேர்த்துவைக்க நடுவில் ஒரு பிளேட் வேண்டும். நம் கதையே அந்தப் பிளேட்தான்.

சம்மாந்துறை அரிசி ஆலையொன்றில் உடைந்து கிடந்த பெரிய சில்லிலிருந்து அதற்கு இரும்பு எடுத்தீர்கள். அரசாங்க வேர்க்ஷொப்பில் வேலை முடிந்து வந்து, அசர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் நடுவே கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் லேத்தில் வைத்துக் கடைந்தீர்கள். சக்கின் அடியில் உள்ள பள்ளத்துக்குள் பிளேட்டின் மேடு இறுக்கமாக உட்கார வேண்டும், முடியளவு ஆட்டமும் இருக்கக்கூடாது என்று தேய்ப்பதும் போட்டுப் பார்ப்பதுமாக ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் என் குசினி முழுக்க இரும்புத் தூள். கறிக்குள் கூட விழுந்தது. நான் சத்தம் போடாமலா இருந்தேன்? வீடும் கொட்டிலும் எனக்குச் சீதனமாக வந்தவை. சத்தம் போட எனக்கு உரிமை இருந்தது.

சக்கை ஆணியால் முடுக்கப் பிளேட்டில் மூன்று துளை போடுகிற நாள் வந்தது. பிளேட்டை மேசையில் இறுக்கி, மேசையைத் துளை மெசினுக்குக் கீழே வைத்தீர்கள். ஒரு துளை போட்டதும் கைபிடியை முப்பது தரம் சுற்ற வேண்டும், அடுத்த துளை. மறுபடி முப்பது, மூன்றாவது துளை. துளை மெசினின் பிடி உங்கள் கையில். சுற்றுவதற்கு ஆள் இல்லை. "நீ வா புள்ள," என்றீர்கள். வந்தேன். வாயால் எண்ணினால் நீங்கள் நடுவில் கதை கொடுத்துக் கணக்கைக் குழப்புவீர்கள் என்று தெரிந்து, இடது கையில் தஸ்பீஹ் மணிமாலையை எடுத்துக்கொண்டேன். ஒரு சுற்றுக்கு ஒரு மணி. முதல் முப்பது சரியாக வந்தது. இரண்டாம் முறை என்ன நடந்ததென்று எனக்கே தெரியாது. தொழுது முடித்து முப்பத்திமூன்று முப்பத்திமூன்றாக ஓதி ஓதிப் பழகிய விரல், முப்பதில் நிற்காமல் முப்பத்திமூன்றாவது மணியும் முடிந்து நீளமணி தட்டுப்பட்ட பிறகுதான் நின்றது. "சரி," என்றேன். நீங்கள் துளைத்துவிட்டீர்கள்.

சக்கை வைத்துப் பார்த்தால் இரண்டு ஆணி போகிறது, மூன்றாவது போகவில்லை. ஒன்பது நாள் உழைப்பு. நீங்கள் என்னையும் என் கையிலிருந்த தஸ்பீஹையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "அல்லாஹ்வுக்குத்தான் முப்பத்திமூணு. இரும்புக்கு முப்பது போதும் புள்ள!" அந்தச் சிரிப்புக்காக உங்களுக்கு ஆயுள் முழுக்கச் சமைத்துப் போடலாம் என்று நினைத்தேன். போட்டும் இருக்கிறேன்.

பிழையான துளைக்குள் அதே இரும்பிலிருந்து ஒரு துண்டைக் கடைந்து, திருகாணி போல மறை வெட்டி முறுக்கி அடைத்து, மேலே சீவி மினுக்கினீர்கள். வெயிலில் பிடித்துப் பார்த்தாலும் அடைப்புத் தெரியவில்லை. சரியான துளையைப் பக்கத்தில் போட்டீர்கள். அப்போது நானே வாய்விட்டு எண்ணினேன். நீங்கள் மூச்சே விடவில்லை.

உங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆட்டம் இருக்கிறதா என்று அளந்து பார்க்கும் கருவி வேர்க்ஷொப்பில்தான் இருக்கிறதென்று பிளேட்டைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். கொழும்பிலிருந்து புதிதாக வந்த அதிகாரி அதைக் கண்டார். வீட்டுக் கொட்டிலில் இப்படியொன்றைச் செய்ய முடியாது என்றார். ஸ்டோரில் ஒரு பிளேட்டைக் காணவில்லை, அது இதுதான் என்றார். கள்ளன்! பதினாறு வருடம் ஓர் ஆணியைக்கூடச் சட்டைப் பையில் போட்டு வராத மனிதனுக்கு அந்தப் பேர். திறமாகச் செய்தது குற்றம். கொஞ்சம் கோணலாகச் செய்திருந்தால் தட்டிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள். வேலையை நிறுத்தி, பிளேட்டைப் பிடித்து வைத்து, விசாரணை என்றார்கள்.

விசாரணையில் என்ன நடந்தது என்று நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. உங்களோடு வேலை செய்த காரைதீவுத் தங்கராசா அண்ணன்தான் வாசலில் நின்று சொன்னார். "தங்கச்சி, செய்யக்குள்ள கண்ட சாட்சி ஆரும் இருக்கா எண்டு கேட்டாங்க. ஒருத்தரும் இல்ல எண்டு சொல்லிப்போட்டு இவர் வந்திட்டார். அடுத்த கிழமை முடிவு. வேலை போயிரும் போலத்தான் இருக்கு."

ஒருத்தரும் இல்லையாம்! அப்படியென்றால் கைபிடியைச் சுற்றியது ஜின்னும் பேயுமா?

உங்களிடம் கேட்டேன். "பொம்புளயளக் கொண்டுபோய் அத்தின ஆம்புளைக்குள்ள நிப்பாட்டுறதா? ஊர் என்ன கதைக்கும்?" என்றீர்கள். கள்ளன் என்று ஊர் கதைத்தால் பரவாயில்லை, பெண்டாட்டி மெசின் சுற்றினாள் என்று கதைத்தால்தான் மானம் போகுமா? நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தீர்கள்.

முடிவு நாளன்று, உங்களுக்குச் சொல்லாமல், என் கூடப்பிறந்த ராத்தாவைக் கூட்டிக்கொண்டு வேர்க்ஷொப்புக்குப் பஸ் ஏறினேன். கையில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய், ஒரு கடதாசிச் சரை அரிசிமா. எஞ்சின் மூடியில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க நீங்கள் என் மாவை அள்ளிக்கொண்டு போவீர்களே, அந்த வித்தைதான். தங்கராசா அண்ணன் எங்களை உள்ளே கூட்டிப்போனார். அதிகாரி சரையைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, அப்பம் சுட வந்தீங்களா?"

"பிளேட்டத் தாங்க ஐயா," என்றேன்.

முக்காட்டை இழுத்து இடுக்கிக்கொண்டு பிளேட்டில் மண்ணெண்ணெய் பூசினேன். ஊறவிட்டு, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தேன். மாவை மெல்லியதாகத் தூவினேன். அத்தனை ஆம்பிளைகளும் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில், அடைப்பின் இடுக்கில் ஊறியிருந்த எண்ணெய் கசிந்து, வெள்ளை மாவில் மெல்லிய வளையமொன்று ஈரமாக எழும்பியது. ஒரு சத நாணயத்தளவு.

"ஸ்டோர்ல காணாமப்போன பிளேட்டுல இப்பிடி ஒரு அடைப்பு இருந்ததா ஐயா? இது பிழையாப் போட்ட துளை. முப்பது சுத்துக்குப் பதிலா முப்பத்திமூணு சுத்தினது. வேணுமெண்டா அளந்து பாருங்க, பன்னிரண்டு பாகை கூட இருக்கும்."

அளந்தார்கள். சரியாக இருந்தது. அதிகாரி நிமிர்ந்து, "ஆர் சுத்தினது?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றேன்.

அடுத்த திங்கட்கிழமையே உங்களை வேலைக்கு வரச் சொன்னார்கள். பிளேட்டும் வீட்டுக்கு வந்தது. நீங்கள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "இன்னும் கொஞ்சம் சோறு போடு," என்றீர்கள். அதோடு சமாதானம். அது போகட்டும். ஆனால் ஊரில் என்ன கதை ஓடியது? அதிகாரி தானே கூர்ந்து பார்த்து அடைப்பைக் கண்டுபிடித்தாராம். தேத்தண்ணிக் கடையில் நீங்கள் அப்படித்தான் சொன்னீர்கள். கலியாண வீடுகளில் பெண்கள் அதை எனக்கே திருப்பிச் சொன்னார்கள். நான் வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஏன் என்ட பேரச் சொல்லல்ல?" என்று கேட்டதற்கு, "உனக்குக் கெட்ட பேர் வரப்படாதெண்டுதான் புள்ள," என்றீர்கள். நல்ல பேரும்தான் வரவில்லை. அதற்குப் பிறகும் எத்தனை பற்சில்லு! அத்தனைக்கும் கைபிடி என் கையில். ஆள் வந்தால் மட்டும் "உள்ளுக்குப் போ" என்பீர்கள். நானும் போனேன். அதை நினைத்தால் உங்கள்மேல் வரும் கோபம் பாதி என்மேலேயே வருகிறது.

உங்கள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுக்க முன் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "அவர்ட குத்தம் குறையெல்லாம் மன்னிச்சிட்டன் எண்டு வாயால சொல்லுங்க," என்றார்கள். மூன்று தரம் சொன்னேன். முன்கோபத்தை மன்னித்தேன், கறிக்குள் விழுந்த இரும்பை மன்னித்தேன், எனக்கு முன்னால் போனதைக்கூட மன்னித்தேன். விசாரணையில் நீங்கள் சொன்ன "ஒருத்தரும் இல்ல" என்ற அந்தச் சொல்லை மட்டும் நெஞ்சுக்குள் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

மறுமையில் வாய்க்கு முத்திரை விழும், கைகள்தான் பேசும் என்று சின்ன வயதிலிருந்து ஓதி வருகிறோம். அங்கே உங்கள் வாயை யாரும் கேட்கப்போவதில்லை. துளை மெசினின் பிடியை அழுத்திய அந்த இரண்டு கைகளையும்தான் கேட்பார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் நின்றது யார் என்று அவற்றுக்குத் தெரியும். அவை சொல்லட்டும். அதற்குப் பிறகு மன்னிக்கிறேன்.