அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம்

சிவகாசி,
செவ்வாய்க்கிழமை

அத்தானுக்கு,

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் சொல்லியனுப்பியதை உங்கள் தம்பி வந்து சொன்னார். "டீசல் வண்டிய வித்துட்டு பெட்ரோல் வண்டி வாங்கச் சொல்றாக மதினி. டர்போவுக்குச் செலவு ஜாஸ்தியாம். பெட்ரோல்னா நீங்க ஒத்தையிலயே பாத்துக்கிடலாமாம்."

ஒத்தையில் என்றால் என்ன அர்த்தம்? கட்டு பிரித்தார்களா, கஞ்சி குடித்தீர்களா என்று கேட்டால் பதில் இல்லை. வண்டிக்கு மட்டும் யோசனை வருகிறது.

ஆயில் மாற்றியாயிற்று. டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை நானே வடித்துவிட்டேன். பெட்ரோல் வண்டியைவிடச் செலவும் வேலையும் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. வாசலுக்கு வந்த பிறகும், டர்போ சூடு ஆறட்டும் என்று ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுத்தான் அணைப்பீர்கள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன்.

அன்று உங்கள் பட்டாசுக் கம்பெனிப் பக்கம் வெடித்த சத்தம் வீடு வரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் நம் வண்டி வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் இன்ஜின் அணைந்தது. உங்கள் தம்பி கதவைத் திறக்குமுன்பே தெரிந்துவிட்டது, ஓட்டி வந்தது நீங்கள் இல்லை என்று.

வண்டியை விற்க மாட்டேன். பெட்ரோல் வண்டியை யார் ஓட்டி வந்தாலும் உடனே அணைத்துவிடலாம். வாசலில் வந்து நிற்பது நீங்கள்தான் என்று நான் எதை வைத்துத் தெரிந்துகொள்வேன்?

சாவியை யாரிடமும் கொடுக்காத
உங்கள் மனைவி