தம்பியின் எடைக்கு வைத்த வண்டி

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்ப்பா" என்று சொல்லிவிடுவாய், நானும் சரி என்று வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம். அம்மாவின் முழங்கால் முன்னைக்குப் பரவாயில்லை, மாடி ஏறும்போது மட்டும் கைப்பிடியைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது, ஒருவழியாக மாற்றியாயிற்று. சித்தி வந்து சில நாள் தங்கிவிட்டுப் போனாள். உன் அறையில்தான் படுத்தாள். உன் கட்டிலில் படுத்தால் தரையில் படுத்த மாதிரியே இருக்கிறது என்று காலையில் எழுந்ததும் சொன்னாள். தம்பியின் அறை காலியாகத்தான் இருந்தது, அவளும் கேட்கவில்லை, அம்மாவும் திறக்கவில்லை.

வண்டியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுதத் தள்ளிப்போடுகிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். "வித்துடுங்கப்பா, எனக்குத் தெரியாம வித்துடுங்க" என்று நீ போகும்போது சொன்னாய். வாங்க ஒருவர் வந்தார், நல்ல மனிதர்தான். ஆனால் நீயும் தம்பியும் கூரை திறந்த அந்தச் சின்ன இரண்டு இருக்கைக் காரில் பந்தயத்துக்காகச் செய்துவைத்த வேலைகளை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, தலைக்குப் பின்னால் நிற்கும் அந்தக் கம்பி வளைவைக் கழற்றிவிடுவேன், தரைக்குக் கம்பளம் போட்டுவிடுவேன், கெட்டியான ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு மனைவியோடு கடைக்குப் போக வைத்துக்கொள்வேன் என்றார். அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. நான்தான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு உங்கள் வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பட்டறை அண்ணன் வந்து, "ஓடாத வண்டி படுத்துடும் சார், வாரத்துக்கு ஒருதடவையாவது வெளிய எடுங்க" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் தெருமுனை வரை, பிறகு புறவழிச்சாலை வரை, பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ரேஸ் கிளப் வண்டி ஓட்டும் பழைய விமானத் திடலுக்கே போய்விட்டேன். அம்மா வாசலில் நின்று, "வேலைல இருந்து ரிடையர் ஆனவரு, புத்தியிலயும் ரிடையர் ஆயிட்டாரு" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னாள். ஆனால் ஹெல்மெட்டின் பட்டையை அவள்தான் துவைத்துக் கொடுத்தாள்.

திடலில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் பல் டாக்டரம்மா. உனக்கு அவரை நன்றாகத் தெரியும். நோயாளியிடம் பேசுகிற அதே குரலில்தான் என்னிடமும் பேசுகிறார், "கொஞ்சம் வலிக்கும் சார், பொறுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு நான் செய்த தவறுகளைச் சொல்லுவார். முதல் நாள் வளைவிலேயே பிரேக்கை மிதித்தேன், ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பவில்லை, நேராகப் போய், பாதையைக் காட்ட வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்புகளைத் தள்ளிக்கொண்டு நின்றது. இதெல்லாம் உனக்குத் தெரியாததல்ல, ஆனால் புரிந்ததை யாருக்காவது சொல்லிப் பார்க்காவிட்டால் புரிந்ததாகவே எனக்குத் தோன்றாது, வாத்தியார் தொழில் புத்தி. இரண்டு கையிலும் காய்கறிப் பை இருந்தால் வீட்டுக் கதவை எப்படித் திறப்பது? டயரும் அப்படித்தான் என்று புரிந்துகொண்டேன். நிறுத்துவதற்கே அதன் பிடி முழுவதையும் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இல்லை. நேராக இருக்கும்போதே மிதி, மெல்ல விடு, விடவிடத் திருப்பு. மிதிப்பது எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. விடுவதுதான் வரவில்லை. டாக்டரம்மா சொன்ன இன்னொன்று, "எது மேல மோதிடுவோம்னு பயப்படுறீங்களோ அதையே பாக்குறீங்க சார். அதுக்கு அந்தப் பக்கம் எங்க போகணுமோ அங்க பாருங்க." அவர் கூம்பைப் பற்றித்தான் சொன்னார், நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இனிமேல் எழுதப்போவதை அம்மாவிடம் சொல்லி, எழுதுங்கள் என்று அவள் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். பிரேக் பேட் மாற்றப் பட்டறைக்கு விட்டிருந்தேன். அண்ணன் வண்டியின் நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எடைத்தட்டுகளை வைத்துவிட்டு என்னை இருக்கையில் உட்காரச் சொன்னார். நம் சமையலறை மேசையின் ஒரு கால் குட்டை, காகிதம் மடித்து வைத்திருக்கிறோம் இல்லையா, யாராவது அழுத்தி உட்கார்ந்தால் ஆடும். வண்டிக்கும் அது உண்டாம். ஓட்டுகிறவர் உட்கார்ந்த பிறகு நான்கு காலும் சரியாக நிற்கும்படி ஸ்பிரிங்கின் வளையத்தை ஏற்றி இறக்கி வைப்பார்களாம். நான் உட்கார்ந்தேன், எண்கள் ஒத்துவரவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, "இது தம்பி எடைக்கு வச்சது சார்" என்றார். அவனுக்கு உடம்பு சரியில்லாமல் போவதற்கு முன்னால், நீ பக்கத்தில் நின்று எண்களைப் படிக்கப் படிக்க அவர் வைத்தது. "உங்களுக்கு மாத்திரலாமா?" என்று கேட்டார். வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். நான் ஒல்லி, அவன் உன் அம்மா வீட்டு வாட்டசாட்டம், உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் அவனை எடைமெஷினில் ஏற்றி நிறுத்துவார்கள். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன், எண்ணைப் பார்க்கமாட்டேன், எதிரே சுவரில் இருந்த மின்விசிறி ஸ்விட்சைப் பார்ப்பேன். அவனே எட்டிப் பார்த்து, "ரேஸுக்கு எடை கொறைக்கிறேன்ப்பா" என்பான். கடைசியில் அவனைத் தூக்கியபோது எனக்கு மூச்சே வாங்கவில்லை. அவனுடைய துணிகள்கூடக் கடைசி மாதங்களில் வாங்கிய சின்ன அளவுகள்தான் அலமாரியில் மேலே இருக்கின்றன. நல்ல உடம்போடு இருந்த அவனை அப்படியே வைத்திருப்பது இந்த வண்டி ஒன்றுதான் என்று எனக்குப் பட்டுவிட்டது. அதை நானே எப்படி மாற்றச் சொல்வேன்?

அதனால் ஒரு காரியம் செய்தேன். பழைய தலையணை உறை ஒன்றை அம்மாவிடம் கொடுத்து இரட்டைத் தையல் போடச் சொன்னேன். கதவு காற்றில் அடிக்கிறது, முட்டுக்கொடுக்க மணல் பை வேண்டும் என்றேன். "எந்தக் கதவு இவ்வளவு அடிக்குது?" என்று கேட்டாள், ஆனாலும் தைத்துக் கொடுத்தாள். அவன் எடைக்கும் என் எடைக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு மணலை அதில் போட்டு, என் முழங்காலுக்குக் கீழே இருக்கையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினேன். திடலில் ஓட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு வண்டியாகச் சோதிப்பார்களே, அந்தப் பையன், "உள்ள தளர்வா ஏதாவது கிடக்குதா சார்?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். எத்தனை பரீட்சை அறைகளில் நடந்து, முகத்தைப் பார்த்தே பிட்டைப் பிடித்தவன் நான். அவன் என் நரைத்த தலையைப் பார்த்து நம்பிவிட்டான். முதல் சுற்று நன்றாகப் போயிற்று. அன்றைக்குப் போல நான் ஒருநாளும் ஓட்டியதில்லை, வண்டி என்னை ஏற்றுக்கொண்டுவிட்டது போல இருந்தது. அது மணலால் வந்ததா, மனதால் வந்ததா, தெரியாது. "அந்த வித்தியாசம் நீங்க ஓட்டுற ஓட்டுக்குத் தெரியவே தெரியாது சார்" என்று அண்ணன் பிறகு சொன்னார். இரண்டாவது சுற்றில் நீளமான நேர்பாதையின் கடைசியில் பலமாக மிதித்தேன், கயிறு அறுந்தது, பை முன்னால் வழுக்கிப் போய் பிரேக்குக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. பெடல் பாதிக்கு மேல் இறங்கவில்லை. எதிரே வேலி. வேலியைப் பார்க்காதே என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன், இடதுபக்கம் புல்வெளியைப் பார்த்தேன், பார்த்த இடத்துக்கே வண்டி போயிற்று. வரிசையாகக் கூம்புகளைச் சாய்த்துவிட்டுப் புல்லில் நின்றது. முன்பக்கத்துப் பம்பரில் ஒரு விரிசல், அவ்வளவுதான். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை, மறைக்கிறேன் என்று நினைக்காதே.

அண்ணன்தான் முதலில் ஓடி வந்தார், குனிந்து பையை இழுத்து வெளியே எடுத்தார். "பசங்க இப்படிப் பண்ணா காதைத் திருகுவீங்க. இப்ப நான் யார் காதைத் திருகுறது, சொல்லுங்க சார்" என்று கத்தினார். கத்திக்கொண்டே அந்தப் பையைக் கையில் ஏந்தி இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார். பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் பம்பரைத் தடவிக்கொண்டு நின்றார். டாக்டரம்மா வந்து, "இந்த வருஷம் நீங்க உட்கார்ந்து வேடிக்கை பாருங்க சார்" என்றார். தண்டனை நியாயமானது, வாதாடவில்லை. அந்தச் சோதனைப் பையனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், அவன்தான் பாவம் கூச்சப்பட்டுப் போனான்.

வீட்டில் மறைக்க முடியவில்லை, கால்சட்டை முழுக்க மணல். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அம்மா நான் கொண்டுவந்திருந்த அந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தையல் ஒரு பக்கம் விட்டிருந்தது, அதைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள். "அவன் பொறந்தப்போ இதுல பாதிகூட இல்ல" என்றாள். அவன் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். அதுவரை அவள் சமையலறையில், நான் மாடியில். மறுநாள் அவளே முன்வாசல் பூச்செடியின் தொட்டியில் அந்த மணலைக் கொட்டினாள், உறையைத் துவைத்துக் காயப்போட்டாள்.

பம்பரைச் சரிசெய்ய விட்டபோது அம்மாவும் என்னோடு பட்டறைக்கு வந்தாள். வண்டி மறுபடி அந்த நான்கு தட்டுகளின் மேல் நின்றது. இனி இதை இப்படியே விட முடியாது, யார் ஓட்டப்போகிறாரோ அவர் எடைக்கு வைத்தாக வேண்டும் என்றார் அண்ணன். "யார் ஓட்டப்போறா?" என்று கேட்டார். அம்மா, "பெரியவளுக்கு வைங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார், பிறகு வளையத்தைத் திருப்பும் ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். முதல் வளையத்தை நானேதான் தளர்த்தினேன். இறுகிப் போயிருந்தது. அது அசைந்தபோது வண்டி ஒரு முனையில் லேசாகத் தாழ்ந்தது. அம்மா தன் கையை அதன் மேல் வைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வண்டியில் அவனை உட்காரவைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நீ. "அக்கா பிரேக்கை விடுற மாதிரி எனக்கு வரவே மாட்டேங்குதுப்பா" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான், உன்னிடம் சொல்லியிருக்கமாட்டான், அவன் வீம்பு அப்படி. இப்போது நீ பஸ்ஸில்தான் போகிறாய், லைசென்ஸை எங்கோ பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டாய், தெருவில் திறந்த வண்டி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய் என்று அம்மாவிடம் சொன்னாயாம். உன்னை வா என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. ஓட்டு என்றும் சொல்லவில்லை. அவன் போகும்போது நீ பக்கத்தில் இல்லை என்பதையே நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதற்கு அந்தப் பக்கமும் இடம் இருக்கிறது, அதை மட்டும் சொல்ல ஆசைப்பட்டேன். வண்டி இப்போது யாருடைய எடைக்கும் இல்லாமல், நம் சமையலறை மேசை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு பட்டறையில் நிற்கிறது. அதை அப்படி அதிக நாள் வைக்கக் கூடாது.

அதனால் உன் எடை எவ்வளவு என்று பார்த்து எழுது. குறைத்தும் எழுதாதே, எங்களைச் சமாதானப்படுத்தக் கூட்டியும் எழுதாதே, அம்மா உன் போட்டோவைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். ஹெல்மெட்டும் ஷூவும் சேர்த்துத்தான் வேண்டும் என்று அண்ணன் சொன்னார். அவை இரண்டும் இங்கே அலமாரியில் உன்னுடையவை அப்படியே இருக்கின்றன, அவற்றின் எடையை நாங்களே சேர்த்துக்கொள்கிறோம். நீ உன்னை மட்டும் எழுது. நேரத்துக்குத் தூங்கு, பஸ்ஸில் ஜன்னலோரம் தலையைச் சாய்த்துத் தூங்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும், நிறைய நாள் இருக்க வேண்டும், இதைத் தவிர எங்களுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. அம்மா பக்கத்தில்தான் நிற்கிறாள், சாப்பிட்ட பிறகு எடைமெஷினில் ஏறச் சொல்லி எழுதச் சொல்கிறாள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா