பெரம்பலூர் வரைக்கும் ஒரு பென்சில் அகலத் தண்டவாளம்

என் அன்பான அரியலூர் மச்சானுக்கு,

முதலில் நன்றாகத் திட்டிக்கொள்ளுங்கள், நான் காதைப் பொத்திக்கொள்கிறேன். உங்கள் ரயிலை நான் கிட்டத்தட்டப் பாதியாகக் குறுக்கிவிட்டேன். நீங்கள் மாடியில் போட்டிருந்த பொம்மை ரயில் தண்டவாளம் பெருவிரல் அகலம் இருக்கும். இப்போது என் வீட்டில் நான் போட்டுக்கொண்டிருப்பது ஒரு பென்சில் அகலம்தான்.

"ரயில்னா கையில எடுத்தா கனக்கணும் மாப்ள. இதென்ன, கட்டெறும்பு ஊர்ற மாதிரி!" திருச்சியில் யாரோ ஒருவர் வீட்டில் சின்ன அளவு ரயிலைப் பார்த்த அன்று இப்படித்தான் சொன்னீர்கள். லால்குடி தாண்டும் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதிலேயே நிற்கிறது.

நான் என்ன செய்ய, சொல்லுங்கள்? போன மாதம் கார்த்தி போன் செய்தான். உங்கள் பிள்ளை தங்கமான பிள்ளை, ஒரு குறை சொல்ல மாட்டேன். "மாமா, அம்மாவ என்னோட சென்னைக்கு அழைச்சிட்டுப் போறேன். வூட்ட வாடகைக்கு விடணும். அப்பாவோட ரயில நீங்களே எடுத்துக்கங்க, வேற ஆளுக்குக் குடுக்க மனசு வரல" என்றான். எடுத்துக்கொள்ளச் சொல்வது சுலபம். உங்கள் மேசை ஒரு அறையை முழுசாக விழுங்கி நின்றது. என் வீட்டில் மிச்சமிருப்பது பின்பக்க அறை ஒன்றுதான், அதிலும் உங்கள் தங்கச்சி வசந்தா வெங்காய மூட்டை அடுக்கியிருந்தாள்.

உங்கள் மாடியில் கடைசியாக ஒரு தடவை உட்கார்ந்தேன். அரியலூர் ஸ்டேஷன் நீங்கள் விட்டுப்போனபடியே இருந்தது. வேகன்களின் மேல் நீங்கள் தூவியிருந்த நிஜ சிமெண்ட் தூசி கூடக் கலையவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே, என்னைக் கேலி செய்வதற்கென்றே நீங்கள் நிறுத்தியிருந்த பஸ். அதன் நெற்றியில் உங்கள் கையெழுத்தில் 'பெரம்பலூர்' என்று போர்டு. படியில் ஏறுகிற வழுக்கைத்தலை பொம்மை நான், பிளாட்பாரத்தில் தோளில் துண்டோடு கை காட்டுகிற பொம்மை நீங்கள். "ரயில் இல்லாத ஊர்க்காரரே, பாத்துப் போங்க!" என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னை வழியனுப்புவீர்களே, அதே நிற்பு.

நீங்கள் பிடிவாதக்காரர் மச்சான். ஸ்டேஷன் வேப்பமரத்தை வெட்டினார்கள் என்று தெரிந்ததும், நீங்கள் பஞ்சில் செய்த மரத்தை அன்றைக்கே பிடுங்கிப் போட்டீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. சின்ன அளவில் போட்டால் அதே மேசையில் பெரம்பலூர் வரைக்கும் தடம் இழுத்துவிடலாமே என்று ஒருநாள் கேட்டேன். "இல்லாத ஸ்டேஷன நான் வெக்க மாட்டேன். நெஜத்துல இருக்கிறதுதான் என் மேசையில இருக்கும். கவர்மெண்ட்டு போடட்டும், மறுநாளே நான் போடுறேன் மாப்ள" என்று பேச்சை முடித்துவிட்டீர்கள்.

வசந்தாவிடமும் அதே கதைதான். பஸ்ஸில் ஏறினாலே உங்களுக்குத் தலை சுற்றும், குமட்டும். அதனால் தங்கச்சி வீட்டுக்கு வருவது விசேஷத்துக்கு மட்டும், அதுவும் வந்த வேகத்தில் கிளம்பிவிடுவீர்கள். பொங்கல் சீரைக்கூடக் கார்த்தியிடம் கொடுத்தனுப்பினீர்கள். "உங்க ஊருக்கு ரயிலு வரட்டும் பாப்பா, வந்து பத்து நாள் டேரா போடுறேன்" என்பீர்கள். அவளும் ஒவ்வொரு முறையும் சரி சரி என்று தலையாட்டுவாள்.

மாடியைவிட்டு இறங்கி வந்த அன்று, போதும், எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம் என்று அவளிடம் சொன்னேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வாராவாரம் போயி எங்கண்ணன் மூஞ்சியப் பாத்தீங்க. நான் என்னத்தப் பாத்தேன்? வரேன் வரேன்னு சொல்லிச் சொல்லியே போயிடுச்சு. என் வூட்டுல ஒரு ராத்திரி தங்கிருக்குமா? சின்னதோ பெருசோ, அந்த ரயிலு இந்த வூட்டுக்கு வரணும்!"

அழுதாள் மச்சான். அழுதுகொண்டே வெங்காய மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டாள். நானும் ஒரு மூட்டையைப் பிடித்துத் தள்ளினேன், வேறென்ன செய்வது?

மறுநாளே உங்கள் வரைபடங்களைக் கடைக்குக் கொண்டுபோனேன். ஸ்டேஷன், குடோன், மேம்பாலம் எல்லாவற்றையும் என் ஜெராக்ஸ் மெஷினில் வைத்துப் பாதி அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும்படி குறைத்து எடுத்தேன். உங்கள் பென்சில் கோடு ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. டீக்கடைக் கூரையில் நீங்கள் வரைந்த காக்கா இப்போது கடுகளவில் உட்கார்ந்திருக்கிறது. பிளேடும் பூதக்கண்ணாடியுமாக வெட்டி ஒட்டுகிறேன். ஒருதரம் பலமாகத் தும்மிவிட்டேன், டிக்கெட் கவுண்ட்டர் பறந்து எங்கே போனதென்று இன்னும் தெரியவில்லை.

பெரிய ரயிலில் நீல எஞ்சினை மட்டும் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மற்றதையெல்லாம் திருச்சியிலிருந்து வந்த ஒரு தம்பி கொண்டுபோனார், அவர் வீட்டில் ஓடுகிறதாம். கனம் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். உங்கள் வண்டி கிளம்பினால் மேசையே கடகடக்கும், இது பூனை மாதிரி நழுவிப் போகிறது. அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு என்னமோ போல்தான் இருக்கிறது. கார்த்தியோடு போன அக்கா சென்னையில் மெட்ரோ ரயிலில் போய்வருகிறார். "சத்தமே இல்ல தம்பி, உங்க மச்சானுக்குப் புடிக்கவே புடிக்காது" என்று போனில் சொன்னார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் குறுக்கினேன், ஒன்றை மட்டும் பெரிதாக்கினேன். அந்தக் கேலி பஸ்ஸின் போர்டு. 'பெரம்பலூர்' என்று நீங்கள் எழுதியதை ஜெராக்ஸில் பெருக்கி, மஞ்சள் அட்டையில் ஒட்டி, இரண்டு குச்சி நட்டு ஸ்டேஷன் பெயர்ப்பலகையாக்கிவிட்டேன். அரியலூர் முடிந்த பிறகும் மேசையில் இடம் இருந்தது மச்சான். சின்ன அளவின் லாபம் அது. இருபக்கமும் மக்காச்சோளக் காடு போட்டு, நடுவே தடத்தை இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

இல்லாத ஸ்டேஷன் என்று நீங்கள் கத்துவீர்கள். கத்துங்கள். நிஜத்தில் இருப்பது மட்டும்தான் மேசையில் இருக்க வேண்டும் என்றால், உங்களை நான் எங்கே வைப்பேன்?

தீக்குச்சியைச் சீவி உங்களைச் செய்திருக்கிறேன். நெல்மணி உயரம்தான் வருவீர்கள். தோள் துண்டுக்கு வசந்தாதான் வெள்ளை அடித்தாள். பிளாட்பாரத்தில் எங்கே நிறுத்தலாம் என்று நான் இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது, பொம்மையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அங்க என்னத்துக்கு நிக்கணும்? வண்டிக்குள்ள உக்கார வைங்க" என்றாள். ஜன்னலோரம் உட்கார வைத்திருக்கிறேன். பஸ்ஸை இந்த மேசையில் வைக்கவே இல்லை.

பொங்கலுக்குள் தண்டவாளம் பெரம்பலூரைத் தொட்டுவிடும், அதற்கு நான் பொறுப்பு. இந்த முறை பிளாட்பாரத்தில் நான் நிற்பேன். நீங்கள் இறங்கினால் போதும், சீரெல்லாம் வேண்டாம். பத்து நாள் என்று சொன்னதைத் தங்கச்சி மறக்கவில்லை. எங்கள் ஸ்டேஷனில் திரும்பிப் போக டிக்கெட் கொடுக்க ஆளில்லை, அந்தக் கவுண்ட்டரைத்தான் நான் தும்மித் தொலைத்துவிட்டேனே.

உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன்,
ரயில் வரப்போகிற ஊரின் மாப்பிள்ளை.