கிரெமோனா என்று எழுதியிருந்த கடதாசி

இஞ்சாருங்க,

மழை விட்டு இன்றுதான் நல்ல வெயில் எறித்தது. உங்கள் வயலின் பெட்டியைத் திறந்து காயவைத்தேன். நீங்கள் வில்லுக்குப் பூசுகிற கட்டியின் குங்கிலிய வாசம் குப்பென்று வந்தது. நீங்கள் கண்ணை மூடி மூன்று மாரி கடந்தும் அது போகவில்லை. கொஞ்ச நேரம் அழுதேன். அழுது முடிந்ததும் உங்களோடு சண்டை பிடிக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கொழும்பிலிருந்து ஒரு துரை வந்து வாடி வீட்டில் தங்கியிருக்கிறார். உலகமெல்லாம் சண்டை நடக்கிற இந்த நேரத்திலும் பழைய வயலின்களைத் தேடி வாங்குகிறவராம். இத்தாலி இப்போது எதிரி நாடு, ஆனாலும் அந்த நாட்டு வயலின் என்றால் மனிதருக்கு ஆசை விடவில்லை. நமது வயலினைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாளைக்குப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியவர் ஒன்றே ஒன்றைக் கேட்டிருந்தார்: உள்ளே கிரெமோனா என்று எழுதிய கடதாசி இருக்கிறதா?

இல்லாமல் என்ன? கலியாணம் முடிந்த புதிதில் நீங்களே வயலினை வெயிலுக்குச் சரித்துப் பிடித்து, மேற்பலகையின் வளைந்த துளை வழியாக எனக்குக் காட்டினீர்களே. இன்று அதே துளையில் கண்ணை வைத்துப் பார்க்கிறேன், கடதாசியைக் காணவில்லை. அது ஒட்டியிருந்த இடம் மட்டும் வெளிறிக் கிடக்கிறது. பிழை என் கண்ணிலா நினைவிலா என்று தலை சுற்றிவிட்டது.

அதை ஒரு பறங்கிக் குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்றபோது வாங்கினீர்கள். தபால் கந்தோர் வேலை முடிந்தால் பறங்கியர் கலியாண வீடுகள்தான் உங்களுக்குக் கதி. சப்பாத்துக் கால்கள் தரையை உதைக்க, நீங்கள் வியர்வை சொட்டச் சொட்ட வாசிப்பீர்கள். வயலினில் சாராயம் சிந்தும், கேக் ஒட்டும். சட்டைக் கையால் துடைத்துவிட்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிடுவீர்கள்.

பிறகுதான் அந்தப் பத்திரிகை வந்து சேர்ந்தது. யாரோ ஒரு டொக்டர் தந்ததாம். நான் இறால் உரித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் குந்தியிருந்து வாசித்து வாசித்துச் சொன்னீர்கள். கிரெமோனா என்றொரு ஊர். அப்பன், மகன், பேரன் என்று வயலின் செய்தே வாழ்ந்த ஊர். முதுகுக்கு ஒரு மரம், முகத்துக்கு மலைக்காட்டில் வளர்ந்த வேறொரு மரம். அவர்கள் பூசிய வார்னிஷில் என்ன கலந்தார்கள் என்பதை இன்றுவரை ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

"அந்த ஊர்ப் பொம்பிளையள் என்ன செய்தவங்களாம்?" என்று கேட்டேன்.

"அது இதில இல்லகா," என்றீர்கள்.

கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. வேறு நாட்டுத் தொழிற்சாலைகள் அந்த ஊர்ப் பெயரை அச்சடித்து, மலிவு வயலின்களுக்குள் ஆயிரக்கணக்கில் ஒட்டி விற்றனவாம். "அப்ப நம்மட?" என்றேன். "ஆருக்குத் தெரியும்?" என்றீர்கள்.

அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. உப்புக் காற்று படக்கூடாதென்று வாவிப் பக்கத்து யன்னலைச் சாத்தினீர்கள். என் கலியாணச் சேலையை எடுத்து வயலினுக்குச் சுற்றினீர்கள். அதற்கு நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. கலியாண வீடுகளுக்கு இரவல் வயலினோடு போனீர்கள். ஒரு நாள் மகள் ஆசையாக ஒரு தந்தியைச் சுண்டிப் பார்க்க, அவளை அடித்தும்விட்டீர்கள். அதுவரை பிள்ளைமேல் கை வைக்காத மனிதர். அவள் அழுததைவிட நீங்கள்தான் கூட அழுதீர்கள்.

அந்தக் கிழமையோ அடுத்த கிழமையோ வாவிக்கு அக்கரையில், கல்லடியில் ஒரு கலியாணம். நானும் பிள்ளையும் கூட வந்தோம். பார்த்தால் நமது வயலினையே தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். பழையபடி ஆட்டம், பழையபடி வியர்வை. பாலத்தால் திரும்பி நடக்கும்போது, "பயம் போயிட்டுதா?" என்றேன்.

"இனிப் பயமில்ல. பிள்ளையும் வாசிக்கட்டும்," என்று அவள் கையில் கொடுத்தீர்கள். சந்தோசத்தில் நான் வேறொன்றும் கேட்கவில்லை.

இப்போது யோசித்தால் ஒன்று நினைவு வருகிறது. அந்த நாட்களில் என் கொண்டையூசியொன்று கொக்கிபோல வளைந்து கிடந்தது. கடதாசியை நனைத்து, அந்த ஊசியால் சுரண்டி எடுத்திருக்கிறீர்கள். எடுத்தது நீங்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஏன் என்பதில்தான் மண்டை வெடிக்கிறது. பொய்க் கடதாசி என்று எப்படியோ அறிந்து, வெட்கத்தில் எடுத்தீர்களா? மெய் என்று நம்பியும், பிள்ளை பயமில்லாமல் தொடட்டும் என்று எடுத்தீர்களா? இரண்டையும் செய்யக்கூடிய ஆள் நீங்கள். காலையில் ஒன்றை நம்பினேன், சோறு வடிக்கும்போது மற்றதை நம்பினேன்.

துரை வந்து பார்த்துச் சொல்லட்டும், குழப்பம் தீரும் என்றும் நினைத்தேன். மகளிடம் சொன்னேன். அவள் வில்லைத் துடைத்தபடியே கேட்டாள்: "மெய்யெண்டு தெரிஞ்சா என்னட்டயிருந்து வாங்கிப் போடுவீங்களாம்மா?"

மெய் என்று அவர் சொன்னால் நான் வாங்கித்தான் வைப்பேன். உங்களைப்போல யன்னலையும் சாத்துவேன்.

வர வேண்டாம் என்று வாடி வீட்டுக்குச் சொல்லியனுப்பிவிட்டேன். மகள் சிநேகிதியின் கலியாணத்தில் வாசிக்க அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போனது பொக்கிசமோ வெறும் பலகையோ, இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னிடம் ஒரு சொல் சொல்லாமல், தனியே இருந்து சுரண்டினீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சொல்லியிருந்தால் நான் விளக்குப் பிடித்திருப்பேனே.