இழுக்கக் கூடாத முனை

அன்பு மகள் நதியாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதினால் பொய்யாகும், நலமில்லை என்று எழுதினால் நீ வேலையைப் போட்டுவிட்டு அழுதுகொண்டிருப்பாய், அதனால் இருக்கிறோம் என்று வைத்துக்கொள். அயர்லாந்துக் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் நம் குலசாமி மாடசாமி பார்த்துக்கொள்ளட்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ நடுவில் புகுந்து, அம்மா பாசிட்டிவாகப் பேசு என்கிறாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதற்குத்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஏதோ தியான நிலையமாம், அப்பாவை அங்கே ஒரு மாதம் விட்டுவைக்கலாம், சரி என்று ஒரு வார்த்தை சொல் என்று கேட்டிருந்தாயே, அதற்குப் பதில் கடைசியில் இருக்கிறது. முழுதும் படி.

வாதம் அடித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் உன் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். கால் ஓரளவு தேறிவிட்டது, கக்கூசுக்குத் தானே போய் வருகிறார். வலது கைதான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. பயிற்சி சொல்லித்தர வருகிற பெண் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறார். இப்படியே விட்டால் கை விறைத்துப்போய் எதற்கும் ஆகாது என்று அவள் என்னிடம் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனாள். இருபது வருஷத்துக்கு மேல் பேட்லாக் மெஷினில் உட்கார்ந்து பனியனுக்குக் கீழ்மடிப்பு அடித்த கை. அது அவருக்கும் தெரியும், அதனால்தான் சுவரைப் பார்க்கிறார். நீ போனில் அனுப்பிய தியானக் குரலையும் போட்டுக் காட்டினேன். மூக்கில் சளி கட்டினவன் மாதிரி ஒருத்தன் மெதுவாக, நண்பரே, இந்தக் கணத்தில் இருங்கள், நேற்றும் இல்லை நாளையும் இல்லை என்கிறான், பின்னால் குயில் கூவுகிறது. உன் அப்பா இடது கையால் போனைத் தள்ளிவிட்டார், அதன் கண்ணாடியில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். குயில் மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடந்து கூவிக்கொண்டே இருந்தது.

இந்தக் கணத்தில் இருங்கள் என்கிற வியாதி உங்கள் ஊரில் மட்டும் என்று நினைக்காதே, பெருமாநல்லூருக்கும் வந்துவிட்டது. அமெரிக்காக்காரன் வரியை ஏற்றியதிலிருந்து எங்கள் பனியன் கம்பெனியில் ஆர்டர் சுருங்கி, தைத்ததைச் சரிபார்க்கிற எங்களைப் போன்ற செக்கிங் ஆட்களுக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. வேலை கொடுக்க வழியில்லாத முதலாளி அதற்குப் பதிலாக ஒரு வாத்தியாரைக் கூட்டிவந்தார். கசங்காத வெள்ளை ஜிப்பா, கழுத்தில் மைக். எங்களையெல்லாம் தரையில் உட்காரவைத்து மூச்சை ஆழமாக இழுங்கள் என்றார். பஞ்சு பறக்கிற இடத்தில் ஆழமாக இழுத்தால் என்ன ஆகும், வரிசையாகத் தும்மினோம். ஒடிசாப் பிள்ளைகளுக்கு அவர் தமிழ் புரியவில்லை, அவர்கள்தான் நிம்மதியாகத் தூங்கினார்கள். நாளையைப் பற்றிய பயம்தான் துன்பம், அதை விட்டுவிடுங்கள் அம்மா என்று என்னைப் பார்த்தே சொன்னார். நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று சூப்பர்வைசர் போன் போட்டால்தான் எனக்குத் தெரியும். நான் இன்றைக்கு இருக்காமல் வேறு எங்கே இருக்கிறேனாம்? எங்களுக்கு அதை மட்டும்தானே கொடுத்திருக்கிறார்கள். நாளை என்று ஒன்று அவருக்குத்தான் இருக்கிறது, அடுத்த மாதம் எந்தக் கம்பெனியில் பேசுவது என்று இப்போதே முடிவாகியிருக்கும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். வீட்டுக்கார அம்மா குழந்தையம்மாளும் தன் பங்குக்கு வந்து, எல்லாம் நல்லதுக்குத்தானுங்க, மனசைத் தளர உட்டுறாதீங்க என்றார். எதுங்க நல்லதுக்கு, வாதமா என்று கேட்டேன். ஒரு சொம்பு மோர் கொடுத்துவிட்டுப் போனார். மோரில் குறை சொல்ல எதுவும் இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். வேலையில்லாத நாட்களில் பிசிறு வெட்ட வேண்டிய பனியன் கட்டுகளை எடுத்துவந்து வீட்டில் உட்கார்ந்து நூல் வெட்டுகிறேன். போன வியாழக்கிழமை எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று, இவரானால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சுவரில் அப்படி என்ன எழுதி ஒட்டியிருக்கிறது, எழுந்து நாலு நூலை வெட்டும் என்று கத்திவிட்டுக் கத்தரியை மெத்தையில் எறிந்தேன். அன்பாகச் சொல்லவில்லை, அதை உன் குயில்காரனிடம் சொல்லிக்கொள். என்ன நினைத்தாரோ, எழுந்து உட்கார்ந்தார். வலது கையைத் தூக்கித் துணிமேல் பாரம் மாதிரி வைத்துக்கொண்டு இடது கையால் வெட்டினார். ஒரு பனியனில் கீழ்மடிப்பு ஓரமாக நூல் தொங்கிக்கொண்டிருந்தது. பேட்லாக் தையலில் ஒரு முனையை இழுத்தால் இறுகும், மற்ற முனையை இழுத்தால் சுற்று முழுக்கப் பிரிந்துவிடும். அந்த முனையை இழுத்த புது ஹெல்பர் பிள்ளைகளை இந்த மனுஷன் எத்தனை நாள் கழுதை என்று ஏசியிருக்கிறார் தெரியுமா. அவரே கத்தரி வைக்காமல் அதைப் பிடித்து இழுத்தார். சர்ரென்று மடிப்பு மொத்தமும் கழன்று வந்தது. நூலைக் கையில் வைத்துக்கொண்டு பனியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாய் ஒரு பக்கமாகக் கோணியது. மறுபடியும் வாதம்தான் வந்துவிட்டதோ என்று பதறிப்போய்ப் பக்கத்தில் ஓடினால், சிரிக்கிறார். நாக்குக் குழறக் குழற, கழுத, கழுத என்று தன்னையே ஏசிக்கொண்டு சிரிக்கிறார். எனக்கும் அடக்க முடியவில்லை. அதோடு விட்டாரா, அடுத்த பனியனை எடுத்து வேண்டுமென்றே அந்த முனையைத் தேடி இழுக்கிறார். இழுக்க இழுக்கத் துணி நழுவியது. அப்போது வலது கைக் கட்டைவிரல் மடங்கி அதைப் பிடித்துக்கொண்டது. அவர் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் பார்த்தேன்.

சொல்லவில்லை. சொன்னால் விரலைப் பார்ப்பார், பார்த்தால் நின்றுவிடும் என்று பயம். இன்னொரு பனியனை நானே எடுத்து அவர் மடியில் போட்டேன், மறுபடியும் பிடித்தது. அடுப்பில் பருப்பு தீய்கிற வாசனை வந்தது, தீயட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஆர்டர், வாடகை, அவர் நோவு, ஏன், நீகூட என் மனசில் இல்லை. நம் கோயில் கொடையில் சாமியாடி என் நெற்றியில் திருநீறு பூசும்போதுகூட எனக்கு உடம்பு இப்படிச் சிலிர்த்ததில்லை. மாடசாமி என்று வாய் தானாகச் சொல்லிற்று. இதைக் கொடு அதைக் கொடு என்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை, பேரை மட்டும் சொன்னேன். பார்த்தாயா, இதைத்தான் அந்த வாத்தியாரும் சொன்னார் என்று நீ துள்ளாதே. அவருக்கு இது ஒரு தரம் வாய்த்திருந்தால் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்திருப்பார். நீயும் இதை அங்கே யாரிடமும் சொல்லிவைக்காதே, அதற்கும் பின்னால் குயிலைக் கூவவிட்டு விற்றுவிடுவார்கள்.

பிரித்த பனியனையெல்லாம் கம்பெனியில் கொண்டுபோய் மறுபடி அடிக்கக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது வேறு கதை. இப்போது கழித்துப் போட்ட பனியன்களைக் கேட்டு வாங்கிவந்து கொடுக்கிறேன், தினமும் பிரிக்கிறார். பயிற்சிப் பெண் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கை இனிமேல் வரும், ஆனால் பந்தையும் விடாமல் அமுக்க வேண்டும் என்றாள். அமுக்குகிறார், பந்தை ஏசிக்கொண்டே அமுக்குகிறார். முழுதாகத் திரும்புமா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆகவே உன் தியான நிலையத்துக்கு என் பதில், வேண்டாம். மலையடிவாரத்தில் மௌனமாக இருக்கச் சொல்வார்கள், இவர் இப்போதுதான் ஏச ஆரம்பித்திருக்கிறார். நீ முடிந்தபோது போன் போட்டு அவரிடம் பேசு, தைரியம் சொல்லாதே, என்ன சாப்பிட்டாய் என்று சொல், போதும்.

தலைக்கு எண்ணெய் வை, ஈரத்தலையோடு வெளியே போகாதே, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டியைக் கடித்து ஒப்பேற்றாதே. மாடசாமி உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைக்கட்டும் தாயி. அப்பாவும் கையெழுத்துப் போடுவேன் என்கிறார். இடது கையால் போடும் என்றேன், அது போன் தள்ளுகிற கை என்று சொல்லிவிட்டுப் பேனாவை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். செக்கிங்கில் இந்தக் காகிதம் வந்திருந்தால் நானே ரிஜெக்ட் பண்ணியிருப்பேன். என் பேருக்குக் கீழே ஓட்டையாக இருக்கிறதே, அது தபாலில் கிழிந்தது இல்லை, உன் அப்பா பேர்.

இப்படிக்கு,
உன் அம்மா மூக்கம்மாள்